சூறைக்காற்றில் தோப்பு சாய்ந்தால்: மரத்தை அறுக்கும் முன் இதைப் படியுங்கள்

சித்திரை, வைகாசி வந்தால் நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வருஷா வருஷம் நடப்பதுதான். மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும், நாலு மணிக்கு மேல் வானம் கறுக்கும், பத்து இருபது நிமிஷம் சுழற்றி அடித்துவிட்டுப் போய்விடும். மழை என்னவோ புழுதி அடங்குகிற அளவுக்குத்தான். ஆனால் விடிந்து போய்ப் பார்த்தால் காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பில் கால் வைக்க இடமில்லாமல் காய் கிடக்கும், பென்னாகரம் பக்கம் வாழை தாரோடு ஒடிந்து தொங்கும், யார் வீட்டு சிமெண்ட் ஷீட்டோ அடுத்தவர் காட்டில் கிடக்கும்.

அன்றைக்கே எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. விழுந்த மரத்தை அறுத்து, காயைப் பொறுக்கி வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தோட்டத்தைச் சுத்தமாக்கிவிடுவது. நாலு நாள் கழித்து விஏஓ வந்து நின்றால் அவர் கண்ணுக்குத் தெரிவது வெறும் மண். அவர் எதை எழுதுவார்?

சரி, பேர் வைத்த புயல் இல்லையே, இதற்கெல்லாம் நிவாரணம் உண்டா? உண்டு. புயல், வெள்ளம், ஆலங்கட்டி மழை என்று போகிற மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் உள்ளூர்ச் சூறைக்காற்று தனியாக இல்லை. ஆனால் தன் மாநிலத்துக்கே உரிய பேரிடர் என்று மாநில அரசு அறிவித்து, பேரிடர் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை அதற்குச் செலவழிக்கலாம். தமிழ்நாட்டில் சூறைக்காற்றும் இடி மின்னலும் அப்படிச் சேர்ந்தவைதான். அதனால் 'இதெல்லாம் புயல் கணக்கில் வராதுங்க' என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் டொர்னேடோ என்கிற சுழல்காற்று அடித்த ஊருக்கு வானிலைத் துறை ஆட்கள் நேரில் போய், எந்த மாதிரி வீடு, எந்த மாதிரி மரம், எவ்வளவு சேதம் என்று பார்த்து, அதை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணித்து, இஎஃப் 0 முதல் இஎஃப் 5 வரை ஒரு எண் கொடுப்பார்கள். மரங்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் மேகத்திலிருந்து கீழே இறங்கி அடித்த நேர்க்காற்று, ஒன்றை ஒன்று பார்த்து முறுக்கி விழுந்திருந்தால் சுழல் என்று அடையாளம் பார்ப்பார்கள். நம்ம ஊரில் நிவாரணத்துக்கு வேகத்தை யாரும் கேட்பதில்லை. கேட்பது ஒரே ஒரு எண்: பயிரில் 33 சதவீதமாவது போயிருக்கிறதா? 2015க்கு முன்னால் இது 50 சதவீதமாக இருந்தது.

வருவாய்த் துறையும் தோட்டக்கலை அல்லது வேளாண்மைத் துறையும் சேர்ந்து வந்து கணக்கெடுக்கும். வாழையில் பிரச்சினை இல்லை, சாய்ந்த மரத்தை எண்ணினால் முடிந்தது. மாங்காயில்தான் வம்பு. மரம் ஜம்மென்று நிற்கும், காய் மட்டும் தரையில் கிடக்கும். வருகிறவர் மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் 'சேதம் இல்லை' என்று எழுதினாலும் எழுதிவிடுவார். எங்கள் தோப்பில் நாங்கள் செய்வது இதுதான்: நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு மரத்தைத் தேர்ந்து, அதன் அடியில் கிடக்கும் பெங்களூரா ரக மாங்காயைக் கூடை கூடையாக எண்ணி, கிளையில் மிச்சம் இருப்பதையும் உத்தேசமாகக் குறித்து, தேதி தெரிகிற மாதிரி மொபைலில் படம் எடுத்துவிடுவோம். பாதி காலை போய்விடும், ஆனால் கையில் கணக்கு இருந்தால் பேச்சே வேறு.

எவ்வளவு கிடைக்கும்? 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிமுறைப்படி, ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிர் என்றால் 8,500 ரூபாய், பாசனப் பயிர் 17,000, மா, தென்னை மாதிரி பல்லாண்டுப் பயிர் 22,500. அதிகபட்சம் 2 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 5 ஏக்கர். மாந்தோப்புக்கு ஏக்கருக்குச் சுமார் 9,100 ரூபாய்தான் வருகிறது. விளைச்சல் நஷ்டத்துக்கான ஈடு இல்லை இது, மறுபடி பயிர் வைக்க இடுபொருளுக்குக் கொடுப்பது, அதனால்தான் இவ்வளவு கம்மி. வாழையைப் பாசனப் பயிர் என்று எழுதுகிறார்களா, பல்லாண்டுப் பயிர் என்றா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தோப்பைக் காய்க்குத்தகை விட்டவர்களுக்கு இன்னொரு தலைவலி. நஷ்டம் குத்தகை எடுத்த வியாபாரிக்கு, மனுவும் பணமும் பட்டாதாரர் பேரில். எங்கள் ஊரில் இதற்காகவே அண்ணன் தம்பி மாதிரி இருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தடவை குத்தகை எழுதும்போதே இதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். தனி ஒருவர் வயலுக்கு மட்டும் கணக்கெடுப்பது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்வது, மேகவெடிப்பு, மின்னலில் தீப்பிடிப்பது போன்றவற்றுக்குத்தான், அதுவும் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தால். வெறும் காற்று அந்தப் பட்டியலில் இல்லை. காற்றோடு ஆலங்கட்டியும் விழுந்திருந்தால் உடனே பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447க்கு அடித்துப் பதிவு செய்துவிடுங்கள்.

வீட்டுக்கு வருவோம். குடிசை போனால் 8,000 ரூபாய் என்பது அதே 2025-26 வரைக்கான விதிமுறை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது, ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது மாநில அரசு 10,000 என்று அறிவித்தது. மற்ற வீடுகளில் 15 சதவீதமாவது சேதம் இருந்தால் கச்சா வீட்டுக்கு (மண் சுவர் மாதிரி) 4,000, பக்கா வீட்டுக்கு (செங்கல், சிமெண்ட் கட்டடம்) 6,500; முழுசாக இடிந்தால் சமவெளியில் 1,20,000. வீட்டோடு சேர்ந்த மாட்டுக்கொட்டகைக்கு 3,000. ஷீட் பறந்ததென்றால் சுவர் விரிசலையும் சேர்த்துக் காட்டுங்கள், பல பேர் கூரையை மட்டும் காட்டிவிட்டு 15 சதவீதத்தில் தட்டுப்பட்டு நிற்கிறார்கள். அனுமதி பெற்ற கட்டடமாகவும் இருக்க வேண்டும், புறம்போக்கில் இருப்பவர்கள் சிக்குவது இங்கேதான்.

மனு ஒரு வெள்ளைத்தாள் போதும்: சர்வே எண், பயிர், பரப்பு, காற்று அடித்த தேதி. கூடவே பட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று விஏஓ எழுதும் ஏடு), ஆதார், பாஸ்புக் நகல். விஏஓவிடம் ஒன்று, தாசில்தார் அலுவலகத்தில் ஒன்று, இரண்டாவதற்கு மறக்காமல் ரசீது. அடங்கலில் போன போகத்துத் தக்காளியே இன்னும் இருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். நிலத்தில் வாழை, ஏட்டில் தக்காளி என்றால் ஜெயிப்பது ஏடுதான். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987, மற்ற அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

அப்புறம், மரம் விழுந்து மாடு செத்திருந்தால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுக்கும் வரை புதைக்காதீர்கள். அதே விதிமுறையில் கறவை மாடோ எருமையோ 37,500, உழவு மாடு 32,000, கன்று 20,000, ஆடு 4,000. கோழிக்கும் 100 ரூபாய் உண்டு, குழி தோண்டுமுன் எண்ணி ஒரு படம் எடுத்து வையுங்கள்.