டிப்ஸுக்கு வரி விலக்கு: கேட்க நல்லாத்தான் இருக்கு

"அமெரிக்காவுல டிப்ஸுக்கு வரி இல்லையாமே சார், நம்மூருக்கு எப்ப வரும்?" வரிக்கணக்கு பார்க்கிறவன் என்பதால் காரைக்குடியில் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கானாடுகாத்தான் பக்கம் ஹோட்டலாக மாறிய பழைய வீடுகளில் பரிமாறும் பையன்களும், வெளிநாட்டு விருந்தாளிகளை ஆத்தங்குடி, திருமயம் என்று சுற்றிக்காட்டும் டிரைவர்களும்தான் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2025 முதல் 2028 வரை ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதுவும் வருமான வரிக்கு மட்டும்தான். ஆனால் அந்த நாட்டுக் கதை வேறு. அங்கே மத்தியச் சட்டம், டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது. குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலருக்கு மீதியை டிப்ஸ் ஈடுகட்ட வேண்டும். இங்கே அப்படிச் சம்பளத்தைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை.

இங்கே டிப்ஸுக்கு வரி உண்டா? உண்டு. கார்டில் வாங்கி ஹோட்டல் பிரித்துக் கொடுக்கும் டிப்ஸ் சம்பளம் ஆகாது, அதற்கு முதலாளி டிடிஎஸ் (கொடுக்கும்போதே வரிப் பிடித்தம்) செய்ய வேண்டியதில்லை என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஊழியரின் 'இதர வருமானம்'. முதலாளி தரும் சம்பள வரிச் சான்றில் (ஃபார்ம் 16) வராது, அவரேதான் காட்ட வேண்டும்.

இனி கணக்கைப் பாருங்கள். மாதச் சம்பளம் 18,000, டிப்ஸ் சராசரியாக 6,000 என்றால் வருடத்துக்கு 2.88 லட்சம். புதிய வரிமுறையில் 2025-26க்கு 4 லட்சம் வரை வரியே கிடையாது. 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியில் தள்ளுபடி இருப்பதால், மாதம் 45,000 பார்க்கும் டிரைவருக்கும் வரி பூஜ்யம்தான். கட்டாத வரிக்கு விலக்கு வாங்கி என்ன செய்வது? அதே பணத்தைக் கூலியாக வாங்கும் கொத்தனாருக்கு இல்லாத சலுகை பரிமாறுகிறவருக்கு மட்டும் எதற்கு என்ற கேள்வியும் நிற்கிறது.

என் கவலை வேறு. சம்பள உயர்வு கேட்டால், "அதான் டிப்ஸ் நல்லா வருதுல்ல தம்பி" என்று பதில் வருகிறது. விலக்கும் சேர்ந்தால் அந்தப் பதில் இன்னும் இனிக்கும். டிப்ஸ், பிஎஃப் கணக்கில் சேராது, வேலையை விடும்போது முதலாளி தரும் கிராஜுவிட்டியிலும் (பணிக்கொடை) சேராது. பத்து வருடம் வேலை பார்த்தவரின் கடைசிச் சம்பளம் (அடிப்படையும் பஞ்சப்படியும்) 12,000 என்றால் கிராஜுவிட்டி சுமார் 69,000. டிப்ஸாக வரும் 6,000 சம்பளத்திலேயே சேர்ந்து அது 18,000 ஆகியிருந்தால் 1.03 லட்சத்துக்கு மேல். கையில் வாங்கிய 6,000 டிப்ஸுக்கு இதில் பங்கே இல்லை.

இன்னொன்று. முன்பெல்லாம் கல்லாப் பக்கம் ஒரு உண்டியல் இருக்கும். ராத்திரி கடை சாத்தியதும் கொட்டி எண்ணி, அடுப்படி ஆட்களுக்கும் பங்கு வைப்பார்கள். இப்போது விருந்தாளி, இலை போட்டவர் நீட்டும் போனிலேயே ஜிபே பண்ணிவிட்டுப் போகிறார். கோழி வறுத்தவருக்கும் பாத்திரம் விளக்கும் அக்காவுக்கும் ஒன்றும் இல்லை. வரிச் சலுகை வந்தால் அதுவும் முன்வாசலோடு நின்றுவிடும். (பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022இலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. அப்படிப் பிடித்த பணம் முதலில் போவது முதலாளி கணக்குக்குத்தான்.)

ஜிபேயில் வந்தால் நோட்டீஸ் வருமோ என்று பயந்து ரொக்கமாகவே கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. வரியே வராத வருமானத்தை ஒளித்து என்ன மிச்சம்? மாதச் சம்பளம் 35,000, டிப்ஸ் 10,000 உள்ள டிரைவர் டிப்ஸையும் இதர வருமானத்தில் காட்டி ஐடிஆர்-1 (வருமான வரிக் கணக்குப் படிவம்) போட்டால், ஒரு பைசா வரியில்லாமல் 5.4 லட்சம் வருமானத்துக்குக் கையில் ஆதாரம் இருக்கும். மறைத்தால் காகிதத்தில் 4.2 லட்சம்தான். சொந்த வண்டிக்குக் கடன் கேட்டுப் போகும்போது பேங்கில் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான். தினம் வரும் டிப்ஸை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கடைசி நாளான ஜூலை 31 வரை காத்திருக்காமல் ஜூன் கடைசியிலேயே அந்த நோட்டோடு வாருங்கள்.