கன்வென்ஷன்: மாநாடு அல்ல, உடன்படிக்கை

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 182ஆவது மாநாட்டில் இந்தியா கையெழுத்திட்டது என்று யாராவது எழுதினால், அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. 182 என்பது மாநாட்டின் எண் அல்ல; ஆங்கிலத்தில் கன்வென்ஷன் எனப்படும் உடன்படிக்கையின் எண். அதில் எந்த நாடும் கையெழுத்திடுவதும் இல்லை.

கன்வென்ஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. கூடி வருதல் என்பது அதன் மூலப் பொருள். கூடுகிற கூட்டத்துக்கும், கூடிப் பேசி எட்டிய உடன்பாட்டுக்கும் ஒரே சொல் வழங்கியதால்தான் தமிழில் குழப்பம். கூட்டத்துக்கு மாநாடு சரி. தொழிலாளர் சட்டத்தில் வரும் கன்வென்ஷனுக்கு உடன்படிக்கை என்பதே பொருத்தம். இலங்கைத் தமிழில் சமவாயம் என்பார்கள். வடமொழி வழி வந்த அச்சொல்லுக்கும் கூடிச் சேர்தல் என்றே பொருள் என்பதால், மூலத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆனால் முதல் தடவை படிப்பவருக்கும் புரிவது உடன்படிக்கைதான். என் தேர்வும் அதுவே.

மற்ற பன்னாட்டு ஒப்பந்தங்களை அரசுகள் தமக்குள் பேசி முடித்துக் கையெழுத்திடும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை அப்படியல்ல. ஜெனீவாவில் ஆண்டுதோறும் கூடும் அந்த அமைப்பின் மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் நான்கு பேரை அனுப்புகிறது: அரசுத் தரப்பில் இருவர், முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர். நால்வருக்கும் தனித்தனி வாக்கு. தொழிலாளர் பிரதிநிதி தன் நாட்டு அரசுக்கு எதிராகவே வாக்களிக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால் உடன்படிக்கை நிறைவேறும். அதன்பின் ஒவ்வொரு அரசும் ஓராண்டுக்குள், தவிர்க்க முடியாத சூழலில் 18 மாதத்துக்குள், அதைத் தன் நாட்டில் சட்டம் இயற்றும் அதிகாரமுள்ள அமைப்பின் முன் வைத்தாக வேண்டும்.

அதை ஏற்று நடப்பதாக நாடு முறைப்படி அறிவிப்பது ஏற்புறுதி. கையெழுத்திட்டது என்பதற்குப் பதில் ஏற்புறுதி செய்தது என்று எழுத வேண்டும். இந்த விதி மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு ஏற்புறுதி செய்ய முடியாது. விலக்கு வேண்டுமானால் அது உடன்படிக்கையின் வாசகத்திலேயே இருக்க வேண்டும். 1919இல் வாஷிங்டனில் நிறைவேறிய முதல் உடன்படிக்கையே இதற்குச் சான்று. தொழிற்சாலை வேலைக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உலகுக்கு வரம்பு கட்டிய அதே ஆவணம், 10ஆவது பிரிவில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரம் 60 மணி என்றது. காலனி நாட்டுத் தொழிலாளியின் உடல் மட்டும் 12 மணி கூடுதலாக உழைக்கும் என்று எழுதிவைத்த அநீதி அது.

ஏற்புறுதி செய்த நாடு குறித்த கால இடைவெளியில் அறிக்கை தர வேண்டும். நிபுணர் குழு அதை ஆராயும். மாநாடு நிறைவேற்றுவது உடன்படிக்கையாக இல்லாமல் வெறும் பரிந்துரை என்றால் இந்தக் கட்டு இல்லை. குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களை ஒழிக்கும் 182ஆவது உடன்படிக்கையை இந்தியா 2017இல் ஏற்புறுதி செய்தது. 2020இல் டோங்காவும் சேர, 187 உறுப்பு நாடுகளும் ஏற்ற முதல் உடன்படிக்கை அதுவானது. சங்கம் அமைக்கும் உரிமைக்கான 87ஆவதையும், கூட்டுப் பேரத்துக்கான 98ஆவதையும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அதற்காக அவ்வுரிமைகளைக் கைகழுவிவிட முடியாது: ஏற்புறுதி செய்யாவிட்டாலும் அவற்றின் அடிப்படைக் கோட்பாடுகளை மதிக்கும் கடமை உறுப்பு நாடு என்ற முறையிலேயே உண்டு என்கிறது அமைப்பின் 1998ஆம் ஆண்டுப் பிரகடனம்.