ஆரட்டோரியோ: நடிக்காத நாடகம்

லத்தீனில் ‘ஓராரே’ என்றால் மன்றாடுவது. மன்றாடும் இடம் ‘ஓரட்டோரியம்’, அதாவது ஜெபக்கூடம். 16ஆம் நூற்றாண்டில் ரோமில் புனித பிலிப்பு நேரி அப்படியொரு கூடத்தில் மக்களைக் கூட்டி ஜெபம், பிரசங்கம், நடுவே பாட்டு என்று நடத்திவந்தார். அந்தப் பாட்டு வளர்ந்து தனி வடிவமானபோது கூடத்தின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது: ஆரட்டோரியோ.

பொருள் எளிது: பெரும்பாலும் ஒரு சமயக் கதையைத் தனிப்பாடகர்களும் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து பாடுவது. பாடியே நடிக்கும் மேடை நாடகமான ஆபராவைப் போல வேஷமோ நடிப்போ கிடையாது. 1732இல் இசையமைப்பாளர் ஹேண்டெல் தம் ‘எஸ்தர்’ படைப்பை லண்டன் அரங்குக்குக் கொண்டுவந்தபோது, அரச தேவாலயப் பாடகர்கள் அதில் நடிக்கக் கூடாதென்று பிஷப் தடுத்துவிட்டார். சரி, நடிக்காமலே பாடுவோம் என்றாகிவிட்டது.

அப்படியானால் ஆரட்டோரியோவை நாடகமாகப் போடலாமா? ஹேண்டெலின் ‘தியோடோரா’வைக் கேட்டால், போடாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று தோன்றும். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் பிறந்தநாளில் அந்தியோக்கியாவில் எல்லோரும் ரோமானியக் கடவுள் ஜூபிட்டருக்குப் பலியிட வேண்டுமென்று ஆளுநர் ஆணையிடுகிறார். கிறிஸ்தவளான தியோடோரா மறுக்கிறாள். அவளை விபசாரத்தில் தள்ளத் தீர்ப்பாகிறது. அவளைக் காதலிக்கும் ரோமானிய வீரன் டிடிமஸ் சிறைக்குள் வந்து, உடையை மாற்றிக்கொண்டு அவளைத் தப்பவிடுகிறான். அவனுக்கு மரண தண்டனை என்று கேட்டதும் அவள் தானாகத் திரும்பி வருகிறாள். இருவரும் சாகிறார்கள். 1750இல் அரங்கேறி மூன்றே முறை பாடப்பட்டது, கூட்டமே இல்லை.

1996இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஆபரா விழாவில் இயக்குநர் பீட்டர் செல்லர்ஸ் இதை இன்றைய அமெரிக்காவில் நடப்பதாக மேடையேற்றினார். கடைசியில் இருவரையும் கட்டிலில் வாரால் கட்டி, விஷ ஊசி போட்டுக் கொல்கிறார்கள். இசை என்னவோ தாலாட்டு மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. பழைய கதைதானே என்று சாய்ந்து உட்கார முடியாது. மதத்துக்காக ஆளைக் கொல்வது அரசு அலுவல்போல, ஓசையில்லாமல் நடக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘இசை நாடகம்’ ஆபராவுக்குப் போய்விட்டது. ‘வேதக்கதைப் பாட்டு’ என்றால் பைபிளில் இல்லாத தியோடோரா வெளியே நிற்பாள். ‘திருக்கதை இசை’ எனக்குச் சரியாகப் படுகிறது. புனிதர் கதையும் அதில் அடங்கும். செல்லர்ஸ் செய்ததுபோல மேடையேற்றினால் அப்புறம் ‘திருக்கதை இசை நாடகம்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.