கோச் திட்டும்போது பையன்கள் என்ன கற்கிறார்கள்?

"விளையாட்டில் சேர்த்துவிட்டால் பையன் ஒழுங்காக வருவான்" என்று நம் பெற்றோர் பலர் நம்புகிறார்கள். இளையர் ஆலோசகரான என்னிடமும் சொல்வார்கள். உடம்புக்கு நல்லது, கெட்ட சகவாசம் குறையும், அதெல்லாம் சரி. ஆனால் பெண்களைச் சமமாக மதிக்கும் குணம் காற்பந்துத் திடலில் தானாக வந்துவிடாது. அங்கே பெரியவர்கள் பேசும் பேச்சைப் பொறுத்து அது வளரும் அல்லது தேயும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மனம்விட்டுப் பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அப்பா சொன்னதை மறந்துவிடுகிறார்கள், கோச் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். அணியில் இடம் கொடுப்பவர் அவர்தானே! பந்தைத் தவறவிட்டவனைப் பார்த்து "என்னடா, பொம்பளப் புள்ள மாதிரி ஓடுற?" என்று அவர் கத்தினால், சுற்றி நிற்கும் அத்தனை பேரும் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். அப்புறம் உடை மாற்றும் அறையில் வகுப்புத் தோழியின் படத்தைக் காட்டிக் கிண்டல் செய்யும்போது, பிடிக்காதவன்கூட வாயைத் திறப்பதில்லை. எதிர்த்துப் பேசினால் அடுத்த "பொம்பளப் புள்ள" அவன்தான்.

இத்தனைக்கும் இது சாந்தி பெரேராவின் ஊர். 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் அவர் வென்ற தங்கம், திடல்தடத்தில் 1974க்குப் பிறகு சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் ஆசியத் தங்கம். 1974இல் வென்ற சீ சுவீ லீயும் பெண்தான். 1983இல் இங்கு நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் மராத்தான் தங்கம் நம் கே. ஜெயமணிக்கு. இந்தப் பெயர்களைப் பையன்களுக்குச் சொல்லாமலே வளர்க்கிறோமே என்ற ஆதங்கம் எனக்கு நிறைய உண்டு.

கோச்சின் பேச்சு மாறினால் பையன்கள் மாறுவார்களா? அமெரிக்காவின் சாக்ரமெண்டோ வட்டாரத்தில் 16 உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் மட்டும் கோச்சுகள் வாராவாரம் பத்துப் பதினைந்து நிமிடம் பெண்களை மதிப்பது பற்றித் தங்கள் அணியிடம் பேசினார்கள். 2012இல் வெளிவந்த முடிவின்படி, சமத்துவம் பற்றிய எண்ணங்கள் பெரிதாக மாறவில்லை. ஆனால் நண்பன் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்தால் தடுத்துப் பேசுவது கூடியிருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பழகும் பெண்ணைத் துன்புறுத்துவதும் அந்தப் பையன்களிடம் குறைவாக இருந்தது. மும்பையில் கிரிக்கெட் கோச்சுகளை வைத்து 'பரிவர்த்தன்' என்ற பெயரில் இதையே செய்தார்கள். அங்கே எண்ணங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. என்னைக் கேட்டால், கேள்வித்தாளில் நல்ல பதில் எழுதுவதைவிட "விடுடா, போதும்" என்று ஒருவன் நண்பனிடம் சொல்வதுதான் பெரிது.

மகனின் அடுத்த ஆட்டத்தைப் பார்க்கப் போகிறீர்களா? அணி தோற்கும் நேரத்தில் கோச் என்ன சொல்லித் திட்டுகிறார் என்று காதுகொடுத்துக் கேளுங்கள். சரியில்லை என்றால் பையன்கள் முன்னால் வேண்டாம், தனியாகப் போய்ப் பேசுங்கள். பல கோச்சுகள் தாங்கள் சிறுவயதில் வாங்கிய திட்டைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். வீட்டிலும் அவனுடைய அழுக்கு ஜெர்சியை அம்மாவோ அக்காவோ துவைக்கட்டும் என்று விடாதீர்கள். வாஷிங் மெஷின் போடத் தெரியாவிட்டால் இந்தச் சனிக்கிழமையே அப்பா சொல்லிக்கொடுக்கலாம்.