கேட்டுவிட்டுப் போனவர்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தடிக் கிராமம். தகரக் கொட்டிலுக்கு முன்னால் பாய் போட்டு என்னை இருத்திவிட்டு, அந்த அம்மா உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் பைலை எடுத்துவந்தார். வன்னியில் இப்படியொரு பைல் இல்லாத வீடு குறைவு. அடையாள அட்டைப் பிரதிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், 2009இல் போர் முடிந்தபோது சனத்தை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. இடம்பெயரும்போது உடுப்பு மூட்டையைக் கைவிட்டவர்கள்கூட இதைக் கைவிடவில்லை. பைலின் கடைசி உறைக்குள் விசிற்றிங் காட்டுகள் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், 12. “இதில நீங்கள் எந்த ஆக்கள், பிள்ளை?” என்று கேட்டார்.

நான் 13ஆவது ஆள். என்னுடைய காட்டையும் வாங்கி அதே உறைக்குள் வைத்தார். “எல்லாரும் வந்து கேட்டவை. நானும் சொன்னனான். சொன்னால் ரெண்டு நாளைக்கு நித்திரை இல்லை. கேட்ட ஆக்களில ஒருத்தரும் திரும்பி வரேல்லை.” அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த வருடம் மாரி பிந்திவிட்டது என்பதுபோலச் சொன்னார். எனக்குத்தான் இருக்க முடியவில்லை.

அப்போது நான் முதுமாணிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அதற்கு முன், 2010இலிருந்து, ஒரு பெண்கள் நிலையத்தில் களப்பணியாளராக இருந்தவள். இப்போது சமூகப்பணியும் ஆய்வுமுறையும் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டுப் பிள்ளைகள் தலைப்போடு வந்து நிற்பார்கள்: “மிஸ், பெண் தலைமைத்துவக் குடும்பங்களைப் பற்றிச் செய்யப்போறன், கிளிநொச்சியில.” தலைப்பைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. “அந்த ஊருக்கு எத்தினை தரம் போவீர்?” என்றுதான் கேட்பேன். இதை அந்தப் பிள்ளைகளுக்காகவும், அவர்கள் படலையடியில் நின்று கூப்பிடப்போகிற பெண்களுக்காகவும் எழுதுகிறேன். இங்கே வருகிற பெண்களின் ஊர், வயது, தொழில் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

சம்மதப் படிவத்திலிருந்து தொடங்கலாம். 2009க்குப் பிறகு வன்னியில் கையெழுத்துக்கு வேறொரு பொருள் வந்துவிட்டது. முகாமில் பதிந்தார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பதிந்தார்கள். தகரத்துக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, கோழிக்குஞ்சுக்கு, கிணறு இறைத்துத் தருவதற்கு என்று பதிந்துகொண்டே இருந்தார்கள். கையில் படிவத்தோடு யார் வந்தாலும் அது “பதிவு”தான். பதிவில் பெயர் விடுபட்டால் ஏதோ ஒன்று கிடைக்காமல் போகும். அதனால் வாசிக்காமலே கையெழுத்து விழும். அதைப் பைலில் போட்டுக்கொண்டு “சம்மதம் பெற்றோம்” என்று எழுதுவது பொய்.

“இதால உங்களுக்கு ஒரு உதவியும் வராது அக்கா, சொல்லாட்டிலும் உங்களுக்கு வாற ஒண்டும் குறையாது” என்று நான் இரண்டு மூன்று தரம் சொல்வேன். ஒருவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அப்ப என்ர பேரைப் போட்டிட்டியளோ?” என்றார். அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அடுத்த கிழமை போனபோது, “எனக்கு அதுகளைக் கதைக்க விருப்பமில்லை தங்கச்சி” என்றார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும் பழக்கத்தையும் நிற்பாட்ட வேண்டும். பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்கத்தான் வேண்டும், கிராம அலுவலருக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வதிவிடச் சான்றிதழுக்கும் நிவாரணப் பட்டியலுக்கும் கையெழுத்து வைப்பவர் பக்கத்தில் நின்றால், எந்தப் பெண் “மாட்டன்” என்பாள்? இதே காரணத்தால் நான் சேவை செய்கிற பெண்களிடம் ஆய்வு செய்வதில்லை. என்னை நம்பி நீதிமன்றத்துக்கு வந்த பெண்ணால் என் கேள்விக் கொத்தை எப்படி மறுக்க முடியும்?

வினாக்கொத்தின் முதற்பக்கத்தில் ‘திருமண நிலை’ என்று ஒரு வரி இருக்கும். மணமாகாதவர், மணமானவர், விதவை, மணநீக்கம் பெற்றவர், பிரிந்து வாழ்பவர். ஐந்து பெட்டி. 2009 வைகாசியில் வட்டுவாகலில் கணவர் படையினரிடம் சரணடைந்ததைக் கண்ணால் கண்ட ஒரு பெண் இதில் எதற்குள் அடங்குவார்? என் முதல் ஆய்வில் இதை நான் யோசிக்கவில்லை. பேனையோடு தயங்கி நின்ற என்னிடம், “என்ர நெத்தியைப் பார்த்திட்டு எழுதுங்கோ பிள்ளை” என்றார் அவர். நெற்றியில் குங்குமம் இருந்தது. ‘விதவை’ என்று போட்டால் கணவர் செத்துப்போனார் என்று நானே தீர்ப்பெழுதியதாகும். ‘மணமானவர்’ என்று போட்டால், கச்சான் கொத்தியும் கூலிக்கு நெல் வெட்டியும் மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்க்கிற பாடு கணக்கிலேயே வராது.

இது சொல் சிக்கல் மட்டும் அல்ல. மரணச் சான்றிதழ் இல்லாமல் காணி மாற்ற முடியாது, வங்கிக் காசு எடுக்க முடியாது என்று பல வருடங்கள் பெண்கள் அலைந்தார்கள். இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு மரணப் பதிவு பற்றிய 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வழிசெய்தது. அதையும் வாங்க மறுத்த பெண்கள் உண்டு. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தில் குந்திய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கேட்டது தாளை அல்ல, ஆளை. அவர்களிடம் ஐந்து பெட்டிப் படிவத்தை நீட்டுவது அவமானம். இப்போது எங்கள் படிவத்தில் ஆறாவதாக ஒரு வரி இருக்கிறது: “அவரைத் தேடிக்கொண்டிருப்பவர்.” அந்தச் சொல்லையும் ஒரு பெண்தான் தந்தார்.

‘வன்முறை’ என்ற சொல்லும் இப்படித்தான். “நீங்கள் வன்முறைக்கு உள்ளாகியிருக்கிறீர்களா?” என்று புதுக்குடியிருப்பில் கேட்டுப்பாருங்கள். ஷெல், பங்கர், கடைசி நாட்கள் என்றுதான் பதில் வரும். கணவர் விறகுக் கட்டையால் அடித்ததை அவர் வன்முறைக் கணக்கில் வைத்திருக்கமாட்டார். அதற்குப் பெயர் “வீட்டுப் பிரச்சினை”. ஆகவே செயலைத்தான் கேட்க வேண்டும். கன்னத்தில் அறைந்தாரா, தள்ளிவிட்டாரா, காலால் உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா, விருப்பமில்லாமல் படுக்கைக்குக் கட்டாயப்படுத்தினாரா, உழைத்த காசைப் பறித்தாரா. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடளாவிய ரீதியில் செய்த ஆய்விலும் இப்படித் தனித்தனிச் செயல்களாகத்தான் கேட்டார்கள். திருமணமோ உறவோ கண்ட பெண்களில் 20.4 வீதமானோர், அதாவது ஐந்தில் ஒருவர், வாழ்நாளில் ஒரு தடவையாவது துணையின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள்.

அந்த ஆய்வுக்கு ‘பெண்களின் நல்வாழ்வு’ என்று பெயர் வைத்ததில் ஒரு காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வழிகாட்டல், வீட்டு வன்முறை பற்றி ஆராயும்போது எல்லாவற்றுக்கும் மேலாகப் பதில் சொல்கிற பெண்ணின் உயிர்ப் பாதுகாப்பை வைக்கச் சொல்கிறது. ஆய்வின் பெயரில் வன்முறை என்ற சொல் ஊருக்குள் பரவக்கூடாது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். தனிமை இல்லாவிட்டால் கேட்கவே கூடாது. இது வாசிக்க இலேசு. வன்னி வீட்டில் கதவுக்குப் பதிலாகச் சீலை தொங்கும், வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள் துணி காயப்போடுவா, மாமி முற்றத்தில் ஒடியல் காயவைத்துக்கொண்டு காதைத் தந்திருப்பா. எங்கள் கேள்விக் கொத்தின் அடியில் பிள்ளைகளின் போசாக்குப் பற்றிய ஒரு பக்கம் எப்போதும் இருக்கும். யாராவது வந்தால் குரல் மாறாமல், “அப்ப கீரை கிழமையில எத்தினை நாள் சமைப்பியள்?” என்று தாவவேண்டும். மாணவிகளுக்கு இதைப் பயிற்சியாகவே செய்விக்கிறேன். ஒரு தடவை தாவத் தெரியாத ஒரு பிள்ளை திகைத்து நின்றதைப் பார்த்து, பதில் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணே, “மற்றது கீரை பற்றியும் கேட்டவா” என்று மாமியிடம் சொல்லிக் காப்பாற்றினார். தன்னைக் காப்பாற்றிப் பழகியவர்.

கேட்டால் வருவது கதை மட்டும் அல்ல. உதவியும் கேட்பார்கள். அதற்கு ஆயத்தமில்லாமல் போகிறவர் போகக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. என் மாணவர்கள் களத்துக்குப் போகுமுன், அந்தப் பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் நேரில் கண்டு கதைத்திருக்க வேண்டும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இயங்கும் ‘மித்துரு பியச’, தமிழில் நட்பு நிலையம், எந்த வாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று போய்ப் பார்த்திருக்க வேண்டும். பெண்களுக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கத்துக்குத் தாங்களே ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். “பொலிசுக்குப் போனா ஆளைக் கொண்டுபோய் உள்ள போட்டிடுவினம், பிறகு ஆர் உழைக்கிறது?” என்பதுதான் நான் அதிகம் கேட்ட பயம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் தருவது பாதுகாப்புக் கட்டளை. அடிக்காதே, நெருங்காதே, பயமுறுத்தாதே என்று நீதவான் கட்டளையிடுவார். இந்தச் சட்டத்தின்கீழ் அதை மீறினால்தான் தண்டனை. பெண்ணே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். விசாரணை முடியும்வரை இடைக்காலக் கட்டளை கேட்கலாம். முழுக் கட்டளை 12 மாதம் வரை இருக்கும். விவாகரத்துக் கேட்கத் தேவையில்லை. கணவர் மட்டும் அல்ல, கூடி வாழ்பவர், முன்னாள் கணவர், பெற்றோர், சகோதரர் எவராக இருந்தாலும் பொருந்தும். கட்டளை கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்கச் சமூகப்பணியாளரை நியமிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இருந்தும் எத்தனை பெண்களை, “பிள்ளையளின்ர முகத்தைப் பார்த்துச் சமாதானமாய்ப் போங்கோ” என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பொலிஸ் நிலையத்தில் நான் கூட்டிச்சென்ற பெண்ணின் உடைந்த கையைப் பார்த்தபடியே அப்படிச் சொன்னார்கள். அன்று மாலைக்குள் முறைப்பாடு பதிந்த இலக்கத்தை வாங்காமல் நாங்கள் எழும்பவில்லை.

இந்தத் துறையைத் தொழிலாக எடுக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கையில் சமூகப்பணிக் கல்விக்கு 1952இலிருந்து வரலாறு உண்டு. அன்று தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. படிக்க வழி முன்னரைவிடக் கூட. ஆனால் பதவி உயர்வுக்கு எண்ணப்படுவது ஆங்கிலச் சஞ்சிகையில் வந்த கட்டுரை. ஒரு பெண்ணோடு ஆறு மாதம் நீதிமன்றத்துக்கு அலைந்ததற்குப் புள்ளி இல்லை. ஊரில் தமிழில் வாசித்துக் காட்டிய பத்துப் பக்கத்துக்கும் இல்லை. இரண்டையும் செய்யத்தான் வேண்டும், நேரம் இரட்டிப்பாகத்தான் போகும்.

கேட்கிறவரின் மனமும் தேயும். நான் ஒரு மாரிகாலம் முழுக்க நித்திரையில்லாமல் இருந்தேன். சமைக்கும்போது யாரோ சொன்ன பதுங்குகுழிக் கதை வரும். கறி அடிப்பிடிக்கும்வரை தெரியாது. வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை, அது பிழை. இப்போது எங்கள் குழுவில் ஒரு நாளைக்கு இரண்டு நேர்காணலுக்கு மேல் யாரும் செய்வதில்லை. பின்னேரம் ஒன்றாக இருந்து கதைத்துவிட்டுத்தான் கலைவோம்.

போன வருடம் ஒரு ஊரில், பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற நுண்கடன் பற்றிக் கேட்டோம். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்த பிறகும், கிழமைக்குக் கிழமை காசு தண்ட வருகிற மோட்டார் சைக்கிள்கள் நின்றுவிடவில்லை. எங்கள் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் “ஒரு கடன்தான்” என்றார்கள். அறிக்கையை எழுதி, அதை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுபோய் வாசித்தேன். பின்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு வயதான ஒருவர் எழும்பினார். “பிள்ளை, அண்டைக்கு வீடு காட்டக் கூட்டிக்கொண்டு வந்தியளே ஒரு ஆள், அவாதான் எங்கட கடன் குழுத் தலைவி. அவாக்கு முன்னால மற்றக் கடனைச் சொல்லேலுமே?”

கிராம அலுவலரை விட்டுவிட்டுப் போனேன் என்று பெருமைப்பட்ட எனக்கு, யாரைக் கூட்டிக்கொண்டு போனேன் என்று தெரிந்திருக்கவில்லை. அட்டவணையைக் கிழித்துவிட்டேன். மாரி முடிய, தை கடைசியில் திரும்பப் போகிறோம். இந்த முறை யார் வீடு காட்டுவது என்பதை அந்தச் சங்கமே தீர்மானித்திருக்கிறது. கேள்விகளையும் தாங்கள் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து எழுதிய ஏழு கேள்விகள் இதுவரை வந்திருக்கின்றன.