பின்கட்டுக்கு வராத படம்

பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டுக்குள் கேபிள் ஒயர் முன்தெரு வழியாக நுழையும். முகப்பைத் தாண்டி, வளவு என்கிற நடு முற்றத்தின் ஓரமாகத் தூண்களின் மேலே ஊர்ந்து, இரண்டாம் கட்டைக் கடந்து, பின்தெருவை ஒட்டிய சின்ன அறை வரைக்கும் போகும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் இப்படித்தான்; ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும். முழங்கால் வலி வந்தபின் அப்பத்தா படுக்கையையும் டிவியையும் பின்கட்டுக்கே மாற்றிக்கொண்டார். பிள்ளைகள் எல்லாரும் சென்னையிலும் சிங்கப்பூரிலும். பகல் முழுக்க அந்த வீட்டில் கேட்கிற மனிதக் குரல் டிவியுடையதுதான்.

கேபிள் அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறி, செட்டாப் பாக்ஸ் வந்த அன்று முகப்பில் வைத்துப் பார்த்தோம். படம் பளிச்சென்று இருந்தது. அதே பெட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினால் கறுப்புத் திரை, சிக்னல் இல்லை என்று ஒரு வரி. அப்பத்தா கேட்டார்: "ஏம்ப்பா, நேத்து வரைக்கும் இதே ஒயர்லதானே படம் வந்துச்சு? புள்ளி புள்ளியா இருந்தாலும் ஆள் தெரிஞ்சுச்சு. புதுசு நல்லதுன்னா, பழசுக்கு வந்தது இதுக்கு ஏன் வரலை?"

நியாயமான கேள்வி. பெட்டி மாட்டச் சொன்னவர்கள் பலர். உள்ளே என்ன மாறுகிறது என்று உட்கார்ந்து சொன்னவர்கள் குறைவு. அன்று அவரிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

பழைய அனலாக் முறையில் படம் அலையாகவே பயணம் செய்தது. கேமரா பார்க்கும் காட்சி மேலிருந்து கீழாக 625 கிடைக்கோடுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கோட்டிலும் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறதோ அதே போக்கில் மின்னலையும் ஏறி இறங்கும். நொடிக்கு 25 முழுப் படங்கள். நம் நாட்டு முறையில் கறுப்புக்குப் பெரிய அலை, வெள்ளைக்குச் சிறிய அலை என்று தலைகீழாக வைத்திருந்தார்கள். காரணம் இருக்கிறது. மிக்ஸியோ மோட்டார் சைக்கிளோ கிளப்பும் தீப்பொறி இரைச்சல் அலையைப் பெரிதாக்கும். பெரிய அலை என்றால் கறுப்பு. ஆகவே இரைச்சல் கண்ணைக் கூசும் வெள்ளையாகத் தெரியாமல் கறுப்புப் பொட்டாக வந்து போகும்.

எங்கள் பக்கத்து மொட்டைமாடி ஆன்டெனாக்கள் மேற்கே கொடைக்கானல் தூர்தர்ஷன் கோபுரத்தைப் பார்த்து நின்ற காலம் ஒன்று உண்டு. காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை, பூமியின் வளைவு மறைக்கும் முன் 180 கிலோமீட்டர் வரை போக முடியும். அதனால்தான் அவ்வளவு தூரத்துக்கும் வந்தது, ஆனால் களைத்துப்போய் வந்தது. வழியில் சேர்ந்த இரைச்சல் எல்லாம் படத்தோடு கலந்து திரையில் ஈ மொய்ப்பதுபோல் தெரிந்தது. 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியும் கடல்மேல் வெப்பக்காற்று அடுக்கு வளைத்துவிட்ட அலை வழியே சில இரவுகளில் நம் தென்கரையை எட்டிப் பார்த்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனலாக் படம் சட்டென்று சாகாது. சிக்னல் பாதியானால் படம் கொஞ்சம் மங்கும், இன்னும் பாதியானால் இன்னும் மங்கும். மிச்சத்தை நம் கண்ணும் மூளையும் நிரப்பிக்கொள்ளும். அப்பத்தா பல வருடம் அப்படி நிரப்பித்தான் பார்த்திருக்கிறார்.

டிஜிட்டலில் போவது படம் இல்லை, படத்தைப் பற்றிய எண்கள். சாதாரண டிவியில் ஒரு படம் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள், மொத்தம் 4,14,720. நொடிக்கு 25 படம் என்றால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். புள்ளிக்கு 16 பிட் (பிட் என்றால் 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) வைத்தால் நொடிக்கு சுமார் 16.6 கோடி பிட். கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓரிடம், அதாவது பழைய சேனல் ஒன்று அடைத்துக்கொண்ட இடம், வழக்கமான முறையில் சுமந்து செல்லக்கூடியது நொடிக்கு 3.8 கோடி பிட்தான். அப்படியே அனுப்பினால் ஒரு சேனல்கூட நுழையாது. ஆனால் இன்று அதே இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்கள் போகின்றன.

எப்படி என்று பார்க்க, பூப்போட்ட தரைக்கற்களுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்குப் போகலாம். வளவுக்குத் தரை போட வேண்டும் என்று கல் ஊற்றுபவரிடம் போனில் சொல்லும்போது, ஒவ்வொரு அங்குலத்துக்கும் என்ன நிறம் என்றா சொல்வோம்? "நடுவுல இந்த அச்சு, 400 கல்லு, ஓரத்துக்கு அந்தப் பூ பார்டர்" என்றால் முடிந்தது. திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை சொன்னால் போதும். படச் சுருக்கமும் இதையே செய்கிறது. படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னக் கற்களாக வெட்டுகிறது. எந்தக் கல்லையும் 64 அடிப்படை அச்சுகளின் கலவையாக எழுதிவிட முடியும்: வெறும் ஒரே நிறம், மெல்லிய கோடு, நெருக்கமான கோடு, கட்டம் என்று. வெள்ளைச் சுவர் என்றால் முதல் அச்சு ஒன்றே போதும், ஒரே எண். மிக நுணுக்கமான அச்சுகளின் பங்கு குறைவாக இருந்தால் அதை விட்டுவிடலாம், கண் கண்டுபிடிக்காது.

இந்தக் கணக்கை 1974 ஜனவரியில் வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அகமது இந்த யோசனைக்கு 1972-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. விடாமல் செய்து முடித்தார்கள். இன்று நாம் போனில் எடுக்கும் போட்டோவிலும் பார்க்கும் வீடியோவிலும் இந்தக் கணக்கோ அதன் வாரிசோ இருக்கிறது. நம்மவர்கள் செய்த இந்த வேலையை நம் பள்ளிப் பிள்ளைகள் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. செய்தி வாசிப்பவரின் உதடு அசைகிறது, பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை. அசையாததை மறுபடி மறுபடி அனுப்புவது வீண். எப்போதாவது ஒரு முழுப் படம், நடுவில் எல்லாம் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். சேனல் மாற்றியதும் திரை ஒரு கணம் கறுப்பாக நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அடுத்த முழுப் படம் வரும் வரை பெட்டி காத்திருக்கிறது. சிக்னல் கெடும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறதே, நாம் பார்ப்பது கல் பதித்த அந்தத் தரையைத்தான்.

இனி இந்த எண்கள் ஒயருக்குள் எப்படிப் போகின்றன? எட்டுப் புள்ளி எட்டு வரிசைக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், 64 புள்ளிகள். அலையின் உயரத்தையும் அது எழும் நேரத்தையும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு கணமும் இந்த 64-ல் ஒரு புள்ளியை அனுப்பும் நிலையம் தொடுகிறது. எந்தப் புள்ளி என்பதை வைத்து ஒரே தொடுகையில் 6 பிட் போய்விடும். வழியில் இரைச்சல் சேர்ந்தால் புள்ளி கொஞ்சம் நகர்ந்து விழும். பெட்டி பார்க்கிறது: கிட்டத்தில் எந்தப் புள்ளி இருக்கிறதோ அதுதான் அனுப்பியது என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் பாதித் தூரம் வரைக்கும் இரைச்சல் இருந்தாலும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. முழுசாகத் துடைத்தெறியப்படுகிறது. அனலாக்கால் இதைச் செய்யவே முடியாது. பாதித் தூரத்தைத் தாண்டிவிட்டால் மட்டும் பக்கத்துப் புள்ளி என்று தவறாக எடுத்துக்கொள்ளும்.

அந்தத் தவறையும் திருத்த ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மொய் நோட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு வரி: 101, 201, 501, 251. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை 1,054. யாரோ பிரதி எடுக்கும்போது ஒரு தொகையைத் தப்பாக எழுதிவிட்டார். கூட்டினால் 1,104 வருகிறது. 50 ரூபாய் கூடுதல் என்று தெரிகிறது, எந்த வரியில் என்று தெரியவில்லை. அதற்காக அடியில் இரண்டாவது தொகை ஒன்றும் எழுதி வைத்திருந்தால்? ஒவ்வொரு தொகையையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டியது: 101, 402, 1,503, 1,004, ஆக 3,010. பிரதியில் அதே கணக்கைப் போட்டால் 3,160, வித்தியாசம் 150. 150-ஐ 50-ஆல் வகுத்தால் 3. மூன்றாவது வரியில்தான் தப்பு, 551 என்று இருப்பதை 501 ஆக்கினால் சரி. மொய் எழுதியவரைக் கேட்காமலேயே திருத்திவிட்டோம். ஒரு தப்புக்கு இரண்டு காவல் எண்கள், ஒன்று இடத்தைச் சொல்ல, ஒன்று அளவைச் சொல்ல.

டிஜிட்டல் டிவியில் 188 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்) கொண்ட ஒவ்வொரு பொட்டலத்தோடும் 16 காவல் பைட்டுகள் போகின்றன. கணக்குப்படி 8 தப்பு வரைக்கும், எங்கே இருந்தாலும், பெட்டியே திருத்திக்கொள்ளும். 8 தப்பு இருந்த படத்துக்கும் ஒரு தப்பும் இல்லாத படத்துக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இருக்காது. ஒன்பதாவது தப்பு வந்தால் அந்தப் பொட்டலமே போச்சு.

அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் இந்த எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிறது. கேபிள் ஒயர் சிக்னலைத் தின்னும். நல்ல ஆர்ஜி-6 ஒயரே உயர்ந்த அலைவரிசைகளில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் தின்றுவிடும்; நூறில் ஒரு பங்குதான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். 60 மீட்டர் ஓடினால் பதினாறில் ஒரு பங்கு. இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் பாதிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். அந்த வீட்டில் ஓடியது மெலிந்த பழைய ஒயர். வழியில் மூன்று ஸ்ப்ளிட்டர்கள், அதில் இரண்டில் டிவியே இல்லை. வளவில் சாரல் படும் இடத்தில் ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று பச்சைக்களிம்பு ஏறிக் கிடந்தது. இந்த நிலையில் அனலாக் ஈ மொய்க்கும் படத்தைக் காட்டியது. டிஜிட்டலுக்கோ தப்புகள் எட்டைத் தாண்டிவிட்டன. பழசுக்கு வந்தது புதுசுக்கு வராததற்குக் காரணம் பெட்டி இல்லை, ஒயர். அனலாக் அதை இத்தனை வருடம் புள்ளிகளாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

கேபிள்காரரும் நானுமாக ஒரே நீளமாகப் புது ஒயர் இழுத்தோம். வேண்டாத ஸ்ப்ளிட்டர்களைக் கழற்றினோம். "ஆச்சி, இப்ப பாருங்க" என்றார் அவர். படம் முகப்பில் எப்படி வந்ததோ அப்படியே பின்கட்டிலும் வந்தது.

இந்த மாற்றம் இந்தியாவில் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 2011-ல் கேபிள் டிவி சட்டம் திருத்தப்பட்டது. நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31, அடுத்து 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31, மற்ற நகர்ப்புறங்களுக்கு 2015 டிசம்பர் 31 என்று கெடு வைத்தார்கள். மிச்சமிருந்த ஊர்களுக்கான கெடு 2017 மார்ச் 31 வரை தள்ளிப்போனது. தமிழ்நாடு அரசு கேபிளுக்கு அந்த ஆண்டுதான் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. செப்டம்பரில் இலவசப் பெட்டிகள் வரத் தொடங்கின. தூர்தர்ஷனும் 2022 மார்ச்சுக்குள், முக்கிய இடங்களில் ஏறத்தாழ 50 நிலையங்களைத் தவிர, அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிடுவதாக அறிவித்தது. படத்தெளிவு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் இருப்பதால் எந்த வீட்டில் எந்தச் சேனல் திறந்திருக்கிறது என்று கணக்கு வைக்க முடிகிறது. சந்தாதாரர் எத்தனை பேர் என்று கேபிள்காரருக்கும் சேனல்காரருக்கும் நடுவே ஓயாமல் நடந்த சண்டைக்கு அதுதான் தீர்வு என்று நினைத்தார்கள்.

பிரிட்டனில் பகுதி பகுதியாக மாற்றி 2012 அக்டோபர் 24-ல் முடித்தார்கள். அங்கே 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் வீட்டுக்கு ஆள் வந்து பெட்டியை மாட்டி, ரிமோட்டைப் பழக்கிக் கொடுக்க ஒரு திட்டமே இருந்தது. நம் ஊர்களில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். பழைய டியூப் டிவி இனி ஓடாது என்று நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருந்தால் எந்தப் பழைய டிவியிலும் பெட்டியைச் சொருகலாம். எண்களைப் படமாக்குவது பெட்டியின் வேலை; டிவி வெறும் திரைதான்.

டிஷ் வைத்த வீடுகளில் மழைக்குப் படம் போவதும் இதே போன்ற கணக்குதான். அந்த அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், மழைத்துளி அதை நன்றாகத் தின்றுவிடும். கேபிள்காரர் வைத்திருக்கும் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் ஏழரை சென்டிமீட்டர் அலையைப் பிடிப்பவை, ஐப்பசி மழையிலும் அதிகம் அசையாது.

பத்துப் பன்னிரண்டு சேனல்கள் ஒரே இடத்தில் கட்டாகப் போவதால், கெடும்போதும் கட்டாகவே கெடும். ஒரு சேனல் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் சந்தாவோ சேனலோ காரணம். பத்துச் சேனல்கள் சேர்ந்து உடைந்தால் அந்த அலைவரிசையில் சிக்னல் குறைந்திருக்கிறது. ஒயரையும் ஜாயின்டையும் பார்க்க வேண்டும். இதை அப்பத்தாவிடம் சொல்லி வைத்தேன். இப்போது படம் உடைந்தால் எந்தெந்த நம்பர் வரவில்லை என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக் கேபிள்காரரிடம் கொடுக்கிறார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஏணியை எந்தக் கம்பத்தில் சாய்ப்பது என்று முடிவு செய்கிறார்.