மையரும் மேயரும் ஒரு வேர்

ஜெர்மனியில் ஒருவர் தொலைபேசியில் "மையர்" என்று பெயர் சொன்னால், மறுமுனையில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஆ-வா, ஏ-யா? நடுவில் ஈ-யா, இப்சிலோனா?" a, e, i, y எழுத்துகளுக்கு ஜெர்மன் மொழியில் அப்படித்தான் பெயர். காதுக்கு ஒரே பெயர்தான், ஏட்டில் ஐந்து விதம். ஆற்றல் அழிவின்மை விதிக்கு வழிகாட்டிய ராபர்ட் மையர், தனிம அட்டவணையில் உழைத்த லோதர் மையர், பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர் ஆகிய மூவரும் மூன்று விதமாக எழுதினார்கள். தமிழில் எழுதினால் அந்த வேறுபாடெல்லாம் மறைந்துவிடும்.

வேர்ச்சொல் லத்தீன் 'மாயோர்'. 'இன்னும் பெரியவர்' என்று பொருள். இன்றைய பிரான்சையும் ஜெர்மனியின் பகுதிகளையும் ஆண்ட பிராங்கு அரசர்களின் அரண்மனையை நிர்வகித்தவருக்கு 'மாயோர் டோமுஸ்', அதாவது வீட்டுக்குப் பெரியவர் என்று பெயர். அந்தப் பதவியில் இருந்த பிப்பின், 751இல் அரசரை ஒதுக்கிவிட்டுத் தானே முடிசூட்டிக்கொண்டார்.

ஆனால் குடும்பப் பெயரைத் தந்தவர்கள் அரண்மனைக்காரர்கள் அல்லர். பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் பல ஊர்களில் நிலம் இருந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு 'மாயோரை', ஜெர்மன் வாயில் மையரை, வைத்தார்கள். யார் எந்த நாள் உழ வேண்டும் என்று சொல்வதும், தானியமும் கோழியும் முட்டையுமாக வரி வாங்குவதும் அவர் வேலை. நம் ஊரில் காரியஸ்தர் என்போமே, ஏறக்குறைய அதுதான். ஜெர்மனியின் வடமேற்குப் பகுதியில் காலப்போக்கில் இவர்களே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பரம்பரையாக உழுதார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் நகரங்களில் மக்கள் பெருகினார்கள். ஹைன்ரிஷ், யோஹன்னஸ் போன்ற பெயர்களே திரும்பத் திரும்ப வந்ததால் தொழிற்பெயர் அடையாளமாக ஒட்டிக்கொண்டது. பிறகு மையர்களே மிகுந்துபோக, மேட்டுப் பண்ணைக்காரர் ஓபர்மையர், பள்ளத்தில் இருந்தவர் நீடர்மையர், சதுப்பு நிலத்தவர் புரோக்மையர் ஆனார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவந்ததால் எழுத்து ஊருக்கு ஊர் மாறியது. 1876இல் ஜெர்மன் பேரரசு முழுவதும் பிறப்பு, இறப்புப் பதிவு அரசின் கைக்கு வந்த பிறகுதான் அது இறுகியது.

அதே 'மாயோர்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'மேயர்' ஆனது. 1688 முதல் சென்னை அறிந்த சொல் அது. ராணுவ 'மேஜர்' என்பதும் இதன் உறவுதான்.

இருந்தாலும் எல்லா மையரும் காரியஸ்தர் வழி வந்தவர் அல்லர். யூதர்களிடையே 'மெயிர்' என்ற பழைய எபிரேய ஆண்பெயர் உண்டு. ஜெர்மன் பேசும் நாடுகளில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள் பலவற்றில் அதுவும் மையர் ஆனது. ஒலி பொருந்தியதே தவிர வேர் வேறு. இஸ்ரேலியப் பிரதமராக இருந்த கோல்டா மெயிரின் கணவர் குடும்பப் பெயர் மையர்சன், 'மையரின் மகன்'. 1956இல் கோல்டா அதை எபிரேய மூலத்துக்கே திருப்பி, 'மெயிர்' என்று வைத்துக்கொண்டார். அதற்குப் பொருள், 'ஒளி தருபவர்'.